ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்): வாசகர் கேள்விகள்

கேள்வி: நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். பங்குனி முதல் வைகாசி வரை பசுந்தீவனத்துக்குத் திண்டாட்டம். மக்காச்சோளத்தைக் குழியில் போட்டு மூடி வைக்கலாம் என்கிறார்கள். குழி எந்த அளவில் வேண்டும்?
– வாசகர், தலைவாசல்

பதில்: உங்களுக்குக் குழி வேண்டாம். மாட்டுக்கு 15 கிலோ வீதம் நாளைக்கு 60 கிலோ, 90 நாளுக்கு 5,400 கிலோ. சேதாரத்தையும் சேர்த்து 6 டன். இதற்கு 10 அடி நீளம், 8 அடி அகலம், 5 அடி ஆழம் கொண்ட குழி போதும்தான். ஆனால் 8 அடிக்கு 5 அடி முகப்பில் 60 கிலோ எடுத்தால் தினம் ஓர் அங்குலம்தான் உள்ளே போவீர்கள். சித்திரை வெயிலில் தினமும் அரை அடியாவது வெட்டி எடுத்தால்தான் காற்றுப் பட்ட தீவனம் சூடேறும் முன் தீரும். அதற்கு இருபது மாடுகளாவது வேண்டும்.

50 கிலோ பிடிக்கும், பாலித்தீன் உள்ளுறை வைத்த சாக்குகள் 120 வாங்குங்கள். இல்லாவிட்டால் வளைய மூடி போட்ட 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். ஒன்றில் சுமார் 100 கிலோ நிற்கும், இரண்டே நாளில் காலியாகிவிடும். எலியும் கடிக்காது.

கதிரைக் குறுக்கே ஒடித்துப் பாருங்கள். மணியின் வெளிப்பாதி மாவாகவும், கதிரின் நடுத்தண்டை ஒட்டிய பாதி பாலாகவும் இருக்கும் நாளே அறுக்கும் நாள். அரை அங்குலத் துண்டாக நறுக்கி, ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிவிட்டுக் கையை விரியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் மிகுதி. சில மணி நேரம் வாட விடுங்கள். சட்டென உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் காற்று உள்ளேயே தங்கும். உருண்டை மெல்ல விரிந்து உள்ளங்கை பிசுபிசுத்தால் அதுதான் பதம்.

அரை அடிக்கு ஒரு தரம் அழுத்திக்கொண்டே நிரப்புங்கள். நறுக்கியதை அன்றைக்கே கட்டிவிட வேண்டும். உறையின் வாயைத் திருகி, மடக்கி, கயிற்றால் இறுக்குங்கள். மக்காச்சோளத்தில் சர்க்கரை போதுமான அளவு இருப்பதால் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) தேவையில்லை. 45 நாள் கழித்துப் பிரிக்கலாம்.

கேள்வி: கோ-4 நேப்பியர் தீவனப்புல்லை மூட்டை கட்டினோம். அடியில் தண்ணீர் தேங்கி, பிரித்தபோது ஊசிப்போன வெண்ணெய் நாற்றம். மாடுகள் முகர்ந்துவிட்டு ஒதுங்குகின்றன. ஏன்?
– வாசகர், ஏற்காடு

பதில்: இளம் நேப்பியரில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர், சர்க்கரையோ குறைவு. மலையில் மூடுபனிக்கு நடுவே புல் வாடவும் இல்லை. ஆகவே புளிக்க வைக்கும் லாக்டிக் நுண்ணுயிர் எழும் முன்பே, மண்ணோடு வந்த க்ளாஸ்ட்ரிடியம் கிருமி புகுந்துவிட்டது. அந்த நாற்றம் அது உண்டாக்கும் பியூட்டிரிக் அமிலத்துடையது.

வெயிலுக்காகக் காத்திருக்காதீர்கள். நறுக்கிய புல் 100 கிலோவுக்கு, நறுக்கிய காய்ந்த வைக்கோல் 15 கிலோ கலந்தால் ஈரம் 70-ஐ ஒட்டி இறங்கிவிடும். கூடவே 2 கிலோ மொலாசஸைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். தரையிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டு அறுத்தால் மண் ஒட்டாது. நறுக்கிய புல்லை வெறுந்தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் கொட்டுங்கள். நாற்றமடித்த மூட்டைகள் எருக்குழிக்குத்தான்.

கேள்வி: மூட்டைக்குள் கை விட்டால் சுடுகிறது, ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மாட்டுக்கு வைக்கலாமா?
– வாசகர், வாழப்பாடி

பதில்: வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை உள்ளேயும் பரவியிருக்கும். அதன் நச்சு பாலிலும் இறங்கும். எங்கோ ஓட்டை இருக்கிறது. காலி உறையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எலிப் பல் பட்ட இடம் ஊசிமுனையாகத் தெரியும். மீதி மூட்டைகளையும் இன்றே தடவிப் பார்த்து, ஓட்டை உள்ள இடத்தைத் துடைத்துவிட்டு அகலமான டேப் ஒட்டுங்கள். பிரித்த மூட்டையை இரண்டாம் நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

நல்ல மூட்டை இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், புளித்த பழ வாசனையோடு இருக்கும். முதல் வாரம் மாட்டுக்கு 5 கிலோவோடு நிறுத்துங்கள். பால் கறந்த பிறகே வையுங்கள்; முன்னால் வைத்தால் வாடை பாலில் ஏறும்.