படிக்க மறுக்கும் பிள்ளைக்கு மர்மக் கதை: துப்பு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் பல பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. மர்மக் கதை என்றால் படிப்பார்கள் என்று நம்பி, எங்கள் மலையையே களமாக வைத்து நானே எழுதத் தொடங்கினேன். முதல் அத்தியாயத்தில் ஊரின் அழகும் வரலாறும். இரண்டாவதில் பாழடைந்த பங்களாவில் நள்ளிரவில் ஓர் அழுகுரல். கொடுத்துப் பார்த்தேன், இரண்டாம் பக்கத்தை யாரும் தாண்டவில்லை. இன்னும் பயங்கரமாக எழுத வேண்டுமா? கொலை வைக்கலாமா?

பதில்:

பயங்கரத்தைக் கூட்ட வேண்டாம். பயமுறுத்துவதில் அவர்கள் கையிலுள்ள கைப்பேசியோடு உங்கள் தாள் போட்டியிட முடியாது. அதற்கு ஒலியும் அசைவும் இருக்கின்றன. அச்சடித்த பக்கத்தின் பலம் வேறு. படிப்பவன் சட்டென்று நின்று, நான்கு பக்கம் பின்னால் புரட்டி, "இந்த ஆள் பொய் சொல்கிறான், எனக்குத் தெரிந்துவிட்டது" என்று பக்கத்தில் இருப்பவனைத் தட்டுவான் பாருங்கள், அந்தக் கணத்துக்காகத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

வாசிக்க மறுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர், புத்தகம் என்றாலே தன் அறியாமையை வெளியே காட்டிக்கொடுக்கும் பொருள் என்று பழகிப்போனவர்கள். கேள்வி கேட்பதும் புத்தகம்தான், விடை தெரியாமல் நிற்க வைப்பதும் புத்தகம்தான். மர்மக் கதை இந்த உறவைத் தலைகீழாக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு: விடைக்குத் தேவையான அறிவு அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். உங்கள் மாணவர்களிடம் அது நிறையவே இருக்கிறது. நீங்கள்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

முதலில் தொடக்கம். பனிமூட்டத்தையும் பச்சைச் சரிவுகளையும் வர்ணிப்பது சுற்றுலா வருபவர்களுக்காக எழுதுவது. தினமும் அந்த மூட்டத்துக்குள் நடந்து பள்ளிக்கு வருகிறவளுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. வரலாறு வரட்டும், ஆனால் கதைக்குத் தேவைப்படும் இடத்தில் வரட்டும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ராஜியின் அப்பாவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இலைக்காசுப் பை திருட்டுப்போன நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று ராஜிக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்."

மூன்றே வாக்கியங்கள். யார் எடுத்தது, அப்பா எங்கே இருந்தார், ஏன் சொல்லக்கூடாது என்று மூன்று கேள்விகள் பிறந்துவிட்டன. இரண்டாவது கேள்விக்கு விடையை மூன்றாம் அத்தியாயத்திலேயே கொடுத்துவிடுங்கள். வாசித்துப் பழகாத பிள்ளை கடைசிப் பக்கம் வரை பொறுக்கமாட்டான். இடையிடையே அவனுக்குக் கூலி கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு விடை வரும்போதே புதிய கேள்வி ஒன்று முளைத்தால் போதும்.

இனி துப்பு. இதில்தான் உங்கள் கதை நகரத்தில் எழுதப்படும் எந்த மர்மக் கதையையும் விஞ்ச முடியும். இரண்டாம் அத்தியாயத்தில் ராஜி பள்ளத்துத் தோட்டம் வழியாகக் குறுக்கே ஓடுகிறாள். கவாத்து வெட்டிய, அதாவது கிளைகளைக் கழித்துவிட்ட, தேயிலைச் செடிகளின் குச்சிகள் அவள் கணுக்காலைக் கீறுகின்றன, ரத்தம் கசிகிறது, அவள் நிற்கவில்லை. வாசிப்பவன் வலியைத்தான் கவனிப்பான். ஏழாம் அத்தியாயத்தில் ஒருவர் சாவதானமாகச் சொல்கிறார்: "அன்று சாயங்காலம் வரை பள்ளத்துத் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தேன்." அவ்வளவுதான். கவாத்து செய்த செடி மறுபடி தழைத்துப் பறிப்புக்கு வர மாதக்கணக்காகும் என்பது அம்மா கொழுந்து பறிக்கப் போகும் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னையில் நிறையப் படித்தவர் தவறவிடும் பொய்யை, வகுப்பின் கடைசி வரிசையில் இருப்பவன் பிடித்துவிடுவான். அவனுடைய வாசிப்பு அந்த இடத்தில் தொடங்கிவிடும் என்று நான் மனதார நம்புகிறேன்.

இப்படி இன்னும் எத்தனையோ உண்டு. உறைபனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல் வெள்ளையாகிக் கிடக்கும். அது விழ வேண்டுமானால் இரவு வானம் தெளிவாகவும் காற்று அடங்கியும் இருக்க வேண்டும். மேகம் மூடியிருந்தால் நிலத்தின் சூடு எளிதில் வெளியேறாது, உறைபனியும் விழாது. ஆகவே "ராத்திரி முழுக்கத் தூறல், வெளியே தலை காட்டவில்லை" என்று ஒருவர் சொல்ல, மறுநாள் விடியலில் புல் வெளுத்திருந்ததாக முன்பே ஒரு வரி எழுதியிருந்தால், ஆள் அகப்பட்டுக்கொண்டார். அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்த வாரம் அவர் வகுப்பிலும் கேள்விகள் வரும்.

மலை ரயிலும் அப்படியே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கியது. ஊட்டி வரை நீண்டது 1908-இல். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில், என்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்கான பல்சட்டம் உண்டு. அந்தப் பாதையில் என்ஜின் எப்போதும் ரயிலின் இறக்கப் பக்கத்தில்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். "அன்று காலை மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலில்தான் வந்தேன், எங்கள் பெட்டிக்கு முன்னால் என்ஜின் இழுத்துக்கொண்டு போனது" என்று ஒருவர் சொன்னால் அவர் அந்த ரயிலில் வரவே இல்லை. கொடைக்கானலில் இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் அங்குள்ள சூரிய ஆய்வகத்தை நினைத்துப் பார்க்கலாம். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வரும் இடம் அது. ஒரு குறிப்பிட்ட நாளில் வெயில் அடித்ததா, மூட்டம் போட்டிருந்ததா என்ற தகராறு வந்தால் வேறெங்கே போக வேண்டும்?

துப்பை ஒளிப்பதற்கும் மறைப்பதற்கும் வேறுபாடு உண்டு. வாசகன் கண்ணுக்கு முன்னாலேயே வைத்து அவன் கவனத்தை வேறு பக்கம் திருப்புவது ஒளிப்பது, அது நியாயம். கடைசிப் பக்கம் வரை சொல்லாமலே வைத்திருப்பது மறைப்பது, அது ஏமாற்று. ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்துவிட வேண்டும், துப்பறிபவர் காணும் தடயம் உடனே வாசகனுக்கும் காட்டப்பட வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். மற்ற சில விதிகள் காலாவதியாகிவிட்டன. இந்த இரண்டை மட்டும் மீறாதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளை வேறு எதைப் பொறுத்தாலும் அநியாயமான ஆட்டத்தைப் பொறுக்கமாட்டான்.

எழுதும் முன் ஒரே ஒரு தாளில் உண்மையில் நடந்ததை எழுதிவிடுங்கள்: யார், எப்போது, எப்படி, ஏன். அடுத்து, கதையில் வரும் ஒவ்வொருவரும் என்ன சொல்லப்போகிறார்கள் என்பதை எழுதுங்கள். குற்றவாளி மட்டும் பொய் சொன்னால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மற்றவர்களுக்கும் மறைக்க ஏதாவது இருக்கட்டும்: ஒருவருக்கு யாரிடமும் சொல்லாத கடன், ஒருத்திக்கு வீட்டுக்குத் தெரியாமல் போன தையல் வகுப்பு. சந்தேகத்துக்குரியவர்கள் நான்கைந்து பேர் போதும். அவர்களுக்கு மணி, மாரி, மாணிக்கம் என்று ஒரே எழுத்தில் பெயர் வைக்காதீர்கள். தடுமாறி வாசிப்பவன் முதல் எழுத்தைத்தான் பிடித்துக்கொண்டு போவான். நான் திருத்தும் கைப்பிரதிகளில் அடிக்கடி காணும் குறை இது.

பரபரப்பு என்பது வேறு கணக்கு. மர்மத்தில் வாசகனுக்கு விடை தெரியாது. பரபரப்பில் பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகனுக்குத் தெரியும். சத்துணவுக் கூடத்தின் பின்கதவு உடைந்து கிடக்கிறது, எண்ணெய் வாசத்துக்குக் கரடி உள்ளே புகுந்திருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு ராஜியின் தம்பி, மறந்து வைத்த டிபன் பெட்டியை எடுக்க முன்வாசல் வழியாக, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போகட்டும். அவன் நடையை நீட்டுங்கள். சாவியைத் தேடட்டும். அத்தியாயத்தை அங்கே முடியுங்கள். ஒரு துளி ரத்தம் தேவையில்லை.

இனி உங்கள் அழுகுரல். அதற்கு மனிதக் காரணம் ஒன்று கண்டுபிடிக்க முடியுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பங்களாவில் ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது என்று நினைக்கும் ஒருவர் பேய்ப் பேச்சைக் கிளப்பிவிட்டார் என்றால் அது நல்ல துப்பு. ஆனால் செய்வினை, மாந்திரீகம் என்று முடிச்சு போட்டு, பழியைப் பழங்குடி ஒருவர் மேல் கொண்டுபோய் இறக்கிவிடாதீர்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். மாந்திரீகப் பழி சுமத்தப்பட்டுக் குறும்பர்கள் கொல்லப்பட்ட நிகழ்வுகள் 19-ஆம் நூற்றாண்டு நீலகிரியின் வரலாற்றில் உண்மையாகவே இருக்கின்றன. உங்கள் வகுப்பில் குறும்பர் வீட்டுப் பிள்ளையோ இருளர் வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கலாம். அவர்களில் ஒருவரைத் துப்பறிபவராக வையுங்கள்; காட்டுப் பாதையையும் காட்டெருமைத் தடத்தையும் படிக்கத் தெரிந்தவளைவிடப் பொருத்தமான துப்பறிவாளர் யார்? இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் கதையும் இப்படித்தான். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. ஒரு தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய ஆவணத்தில் வேறொருவர் பெயர் இருந்தால், அதுவே ஒரு முழு நாவலுக்கான மர்மம். நீங்கள் முதல் அத்தியாயத்தில் கொட்டிய வரலாறு அங்கே தானாக உயிர்பெறும்.

கொலை? பதின்மூன்று, பதினான்கு வயதுக்குக் கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் தேவையும் இல்லை. திருட்டுப் பழி, காணாமல்போன ஆள், போலிக் கையெழுத்து போன்றவை அவர்கள் வாழ்க்கைக்கு நெருக்கமானவை. நியாயம் கிடைக்குமா என்ற தவிப்பைக் கொலையைவிட அதிகமாகவே எழுப்பும்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டே நீளும். "பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்தும்" என்ற ஒரே சொல்லில் தடுமாறும் பிள்ளை வாக்கியத்தையே கைவிட்டுவிடுவான். "சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவர்களும் வாய் திறக்கவில்லை" என்று உடைத்து எழுதுங்கள். வீட்டில் படுகு பேசும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் மொழி எளிமையாவதற்காகக் கதையைக் குழந்தைத்தனமாக்கிவிடாதீர்கள். துப்பறியும் பாத்திரம் வாசகர்களைவிட ஓரிரு வயது மூத்தவராக இருக்கட்டும்; தன்னைவிடச் சின்னவனின் கதையை இந்த வயதில் யாரும் விரும்பமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. படிக்க விரும்பாதவனும் படிக்க முடியாதவனும் ஒன்றல்ல. ஒரு பக்கத்தைத் தனியாக, மற்றவர் கேட்காதபடி வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் பக்கம் அவனுக்குக் கடினம், எளிமையாக்குங்கள். ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துகளே இடம் மாறித் தெரிகின்றன, உயிர்மெய்க் குறிகள் குழம்புகின்றன என்றால் அவனுக்குத் தேவை கற்றல் குறைபாட்டுக்கான முறையான பரிசோதனை. பெற்றோரிடம் பக்குவமாகப் பேசுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் கிடைக்கும். அதுவரை கதையை நீங்கள் வாசிக்க, அவன் காதால் கேட்டுத் துப்பறியட்டும். மற்றவர்களுக்கு அவன் எந்த வகையிலும் குறைந்தவனாக இருக்கமாட்டான்.

வகுப்பில் கொடுக்கும் முறை: முதல் அத்தியாயத்தை நீங்களே உரக்க வாசியுங்கள், முக்கியமான இடத்தில் நிறுத்துங்கள், அடுத்ததை நகலெடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். ஓர் அத்தியாயம் 600 சொற்களைத் தாண்ட வேண்டாம். எழுத்து சற்றுப் பெரிதாக, வரிகளுக்கிடையே தாராள இடைவெளியோடு இருக்கட்டும். முடிந்ததும் "இக்கதையால் அறியும் நீதி யாது" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் இது மறுபடி பாடப்புத்தகம் ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு பழைய அட்டைப்பெட்டியில் துளையிட்டு மேசைமேல் வையுங்கள். யார் குற்றவாளி, எந்த வரியில் பிடித்தேன் என்று எழுதி மடித்துப் போடட்டும். எந்த வரி என்பது கட்டாயம். அதற்காகவே திரும்பப் படிப்பார்கள். கடைசி அத்தியாயத்தை அச்சிட்டு, உறையில் ஒட்டி, வெள்ளிக்கிழமை வரை தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்திருங்கள்.