துளையிட்டும் வெளிவராத குஞ்சு

கேள்வி: இன்குபேட்டரில் வைத்த கோழி முட்டைகளில் பெரும்பாலானவை 21-ம் நாளே பொரிந்துவிட்டன. இரண்டு முட்டைகளில் மட்டும் சிறு துளை விழுந்து, 18 மணி நேரமாக அப்படியே இருக்கிறது. நாமே உடைத்துவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். துளை விழுந்தபின் 24 மணி நேரம்வரை குஞ்சு சும்மா கிடப்பது இயல்புதான். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உட்புறச் சவ்விலுள்ள ரத்தக் குழாய்கள் வற்றும். மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகும். முந்திக்கொண்டு உரித்தால் ரத்தம் கசிந்தே செத்துவிடும்.

24 மணி நேரம் தாண்டியும் முன்னேற்றம் இல்லை, சவ்வும் பழுப்பேறித் தோல்போல் இறுகியிருக்கிறது என்றால் உதவலாம். பொரிந்த குஞ்சுகளை எடுக்க மூடியை அடிக்கடி திறப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். ஈரப்பதம் சட்டென இறங்கிவிடும்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் சவ்வை ஈரமாக்குங்கள். அலகு, மூக்குத் துளைப் பக்கம் நீர் போகவே கூடாது. பிறகு துளையிலிருந்து தொடங்கி, அகன்ற முனையில் காற்றறைக்கு (முட்டைக்குள் காற்று நிறைந்த வெற்றிடம்) மேலுள்ள ஓட்டுப் பகுதியை மட்டும் இடுக்கியால் துணுக்குத் துணுக்காக எடுங்கள். சிவப்பு நரம்போ ரத்தத் துளியோ தெரிந்தால் அந்த நொடியே நிறுத்தி, முட்டையை உள்ளே வைத்து 3, 4 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தலை விடுபட்டால் போதும். கீழ்ப்பாதியைத் தொடாதீர்கள், உதைத்துக்கொண்டு அதுவே வரட்டும். பிடித்து இழுத்தால் தொப்புள் கிழியும்.

அடுத்த முறை கடைசி 3 நாள் ஈரப்பதம் 65–70 சதவீதம் இருக்கட்டும். விசிறி உள்ள இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். அரை டிகிரி தொடர்ந்து குறைந்தாலே பொரிப்பு தள்ளிப்போகும்.