மழை நாளில் வாள் பழக எங்கே போவது?

கேள்வி: நாங்கள் நாலைந்து பேர் இரு கையால் பிடித்து வீசும் பழைய ஐரோப்பிய நீள்வாள் பழகி வருகிறோம். ஒரு நண்பரின் தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) முன்னால் இருக்கும் களத்தில்தான் பயிற்சி. ஆடியில் காற்றும் சாரலும், ஐப்பசியில் அடைமழை, மாசக்கணக்கில் வாள் சும்மா கிடக்கிறது. கூரை போட்ட இடம் எதைத் தேடலாம்?
ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: வாடகையை அப்புறம் பேசுங்கள், முதலில் அண்ணாந்து பாருங்கள். பயிற்சி நீள்வாள் சுமார் 130 செ.மீ., அதாவது நாலேகால் அடி வரும், அதில் அலகு மட்டுமே மூன்றடிக்குக் குறையாது. நடுத்தர உயரம் உள்ளவர் தலைக்கு மேல் ஓங்கினாலே நுனி பத்தடியைத் தொட்டுவிடும். நம் வீடுகளில் கூரையே பத்தடிதான், ஃபேன் அதற்கும் கீழே தொங்கும். பதினாலு அடி தடையில்லாமல் கிடைக்காத இடத்தில் முழு வீச்சு வேண்டாம். ஏனென்றால் மேலே இடிக்குமோ என்று பயந்து கையைச் சுருக்கிப் பழகினால் அந்தச் சுருக்கம் கையிலேயே தங்கிவிடும், மழை விட்ட பிறகும் போகாது. அடுக்குமாடி பார்க்கிங்கை நான் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

உங்களுக்கு என் முதல் யோசனை கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, மண்டபங்கள் பூட்டியே கிடக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் சாரலை அடித்துக்கொண்டு வருவதும் அதே ஆடியில்தானே. மேனேஜரை நேரில் பாருங்கள், முனை மழுங்கிய வாளை அவர் கையிலேயே கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், வார நாளில் இரண்டு மணி நேரம் போதும் என்று கேளுங்கள். ஆடித் தள்ளுபடி விற்பனைக்கு ஹாலை விட்டிருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பந்தி ஹால் வேண்டாம், அது பெரும்பாலும் தாழ்வாக இருக்கும், மேடை இருக்கும் பெரிய ஹால்தான் சரி. தரை பாலிஷ் போட்ட கிரானைட்டாக இருந்தால் ஈரக் காலோடு ஒருவர் உள்ளே வந்தாலும் எல்லோருக்கும் வழுக்கும். வாசலில் சாக்கு விரித்து, உள்ளே போட தனி ஷூ வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மண்டபம் கிடைப்பது கஷ்டம், மழையும் அப்போதுதான் பலமாக இருக்கும். அப்போது உள்ளரங்க ஷட்டில் கோர்ட்டுக்குப் போங்கள். ஒரு கோர்ட் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். வலையைக் கழற்றிவிட்டால் இரண்டு ஜோடி தாராளமாக ஆடலாம், உயரத்துக்கும் குறை இருக்காது. காலையிலும் சாயங்காலமும் ஆள் நிறைந்திருக்கும், பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரைதான் காலியாக இருக்கும். அங்கே மட்டும் இரும்பு வாள் வேண்டாம், நைலான் வாள் எடுத்துப் போங்கள். இரும்பு ஒருமுறை நழுவி விழுந்தாலே மேட் கிழிந்துவிடும், அதற்கப்புறம் உங்களை மட்டுமல்ல, வாள் பழக வரும் யாரையும் அவர்கள் உள்ளே விட மாட்டார்கள்.

பல்லடம், சோமனூர் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் ஓடாமல் நிற்கும் தறி குடோனைக் கேட்டுப் பாருங்கள். நீள அகலத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் தறியை எடுத்த இடத்தில் தரையோடு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய்க் கறையும் பஞ்சும் படிந்திருக்கும், ஒரு நாள் முழுக்கக் கூட்டிக் கழுவிய பிறகே காலை நகர்த்திப் பழகலாம். கோழிப்பண்ணைக் கொட்டகை காலியாக இருந்தாலும் ஓரத்தில் கூரை ரொம்பத் தாழ்வு, அதை விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூறல்தானே என்று களத்திலேயே ஆடாதீர்கள். மழைக்காலத்தில் களத்து சிமெண்டில் பாசி பிடிக்கும், முழங்கால் திரும்பிவிடும். இடி கேட்டால் வாளைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். தென்னை மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

கேள்வி: எனக்குக் கூட்டாளி ஒருவர்தான், இடமும் வீட்டுக் கூடம்தான். மழை மாசம் முழுக்க வீண்தானா?
ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வீண் இல்லவே இல்லை. இத்தாலிய ஆசான் ஃபியோரே டெய் லிபெரி 1400களின் தொடக்கத்தில் எழுதிய பாடத்தில் முதலில் வருவது மல்யுத்தப் பிடி, அடுத்தது குத்துவாள், அதற்குப் பிறகுதான் வாள். எல்லோரும் வாளுக்குத் தாவிவிடுவதால் முதல் இரண்டும் பலருக்கு அரைகுறையாகவே இருக்கிறது. இரண்டு பேருக்கு எட்டடிக்கு எட்டடி போதும். ஒரு பாயை விரித்துக்கொண்டு, ரப்பர் கத்தியை வைத்து, மேலிருந்து இறங்கும் குத்தை மணிக்கட்டில் பிடித்துத் திருப்பும் பாடத்தை மெதுவாகச் செய்யுங்கள். தள்ளி விழவைக்கும் பிடிகளை மட்டும் கூடத்தில் வேண்டாம், திண்ணை விளிம்பும் சுவரும் பக்கத்திலேயே இருக்கும். கூட்டாளி வராத நாளில் இடுப்பு உயரத்துக் குச்சியோடு கால்வைப்பு மட்டும். சிலம்பத்திலும் கம்பைக் கையில் கொடுக்கும் முன் காலடிதானே பழக்குகிறார்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் வாளில் துரு ஏறுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் தையல் மெஷின் எண்ணெயே போதும். பயிற்சி முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மெல்லிசாகத் தடவுங்கள். ஈரப் பைக்குள் மட்டும் வாளை விட்டுவைக்காதீர்கள்.