தியான மையத்தின் நிர்வாகக் குழுவில் சம்பளமில்லாமல் இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அமெரிக்காவில் நீங்கள் வழக்கமாகப் போகும் பௌத்த தியான மையம் உங்களை அதன் போர்டில் சேரச் சொல்கிறது. சம்பளம் கிடையாது. தியானத்தில் நீங்கள் இன்னும் ஆரம்ப நிலைதான். அங்கே போய் என்ன செய்வது?

மாசசூசெட்ஸில் அப்படி ஒரு சிறிய மையத்தின் போர்டில் ஆறு வருடம் இருந்தேன், அதில் நான்கு வருடம் பொருளாளராக. அதை வைத்துச் சொல்கிறேன்.

போர்டு யாருக்கும் தியானம் சொல்லித் தருவதில்லை. அது ஆசிரியர்களின் வேலை. அன்றாட நிர்வாகத்தையும் அது பார்ப்பதில்லை, அதற்குச் சம்பளம் வாங்கும் இயக்குநரும் சமையல்காரரும் இருக்கிறார்கள். பணத்தின் இரைச்சல் தியான மண்டபத்துக்குள் கேட்காமல் பார்த்துக்கொள்வதே போர்டின் வேலை. ஆறு வருடத்தில் எனக்குப் புரிந்தது இது.

பௌத்தத்தில் இது மிகப் பழைய ஏற்பாடு. துறவிகள் பொன்னும் வெள்ளியும் வாங்கக் கூடாது என்பது விநய விதி, அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதி. ஆகவே பணத்தைக் கையாள இல்லறத்தார் யாராவது வேண்டும். புத்தருக்கும் துறவிகளுக்கும் கொடுக்க ஜேதவனம் என்ற தோட்டத்தை வாங்குவதற்காக, அனாதபிண்டிகர் என்ற செல்வர் தரையெல்லாம் பொற்காசு பரப்பினார் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். புத்தர் மறைந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து வைசாலியில் கூடிய துறவிகள் சங்கத்தின் முன் வந்த வழக்குகளில் துறவிகள் பணம் வாங்கலாமா என்பதும் ஒன்று. நம் காலத்துக்கு அருகில் உ பா கின் இருக்கிறார். 1948இல் பர்மா விடுதலை அடைந்தபோது அந்நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனவர். அரசுக் கணக்கைப் பார்த்துக்கொண்டே 1952இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார். விபாசனா தியானத்தைப் பரவலாக்கிய கோயங்கா அவருடைய மாணவர். நானும் கணக்கர் என்பதால், மனம் சோர்ந்த நாட்களில் உ பா கினை நினைத்துக்கொள்வேன்.

பணம் வரும் வழி மையத்துக்கு மையம் மாறும். சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது போன்ற கோயங்கா மரபு மையங்களில் கட்டணமே இல்லை. ஒரு பத்து நாள் தியான முகாமையாவது முடித்தவரிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குகிறார்கள். எங்களுடையது வேறு மாதிரி. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம், வருமானத்துக்கு ஏற்ப கூடக் குறையக் கட்டலாம். ஆசிரியருக்குக் கடைசி நாளில் அவரவர் விருப்பப்படி தானம். அந்தக் கட்டணத்தில் மையம் ஓடாது என்பது முதல் வருடக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது. மீதியை நன்கொடையாகத் திரட்டுவது போர்டு.

அப்புறம் கட்டடம். இங்கே பல மையங்கள் வேறு எதற்கோ கட்டிய பழைய கட்டடங்களில்தான் இயங்குகின்றன. எங்கள் மாநிலத்திலேயே பாரி என்ற ஊரில் 1976 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட இன்சைட் மெடிடேஷன் சொசைட்டி, முன்பு கத்தோலிக்கத் துறவு மாணவர்கள் இருந்த இடம். எங்களுடையது பழைய கோடை விடுதி. கோடைக்குக் கட்டியதில் குளிர்காலம் முழுக்க ஆட்களைத் தங்க வைத்தால், கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் என்ன பாடுபடும்!

ஒரு ஜனவரி இரவு அது நின்றே போனது. ஒன்பது நாள் மௌன முகாமின் நான்காம் நாள், உள்ளே முப்பத்தெட்டுப் பேர், வெளியே கொட்டும் பனி. இயக்குநர் என்னை அழைத்தபோது மணி பத்தரை. இன்னொரு உறுப்பினர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தன் வீட்டுக் கம்பளிகளையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தேன். விடியற்காலை நான்கரைக்குக் குழாய்களில் சூடு ஏறியது. ஐந்தரைக்கு மணி அடிக்க, எல்லோரும் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் அடுக்கியிருந்த கம்பளிகள் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாதே. எனக்கு அந்த மையத்தில் கிடைத்த மிக நல்ல காலை அதுதான்.

கஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. புது பாய்லருக்குக் கையிருப்பு போதவில்லை. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கென ஒதுக்கிய உதவித்தொகை நிதியில் பணம் இருந்தது. தற்காலிகமாக அதை எடுக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அந்தப் பள்ளி ஆசிரியை எழுந்து, 'கொடுத்தவர்கள் பாய்லருக்காகக் கொடுக்கவில்லையே' என்றார். அவர் சொன்னது சரி, சட்டப்படியும் சரி. கடன் வாங்கினோம், அடைக்க இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் உதவித்தொகை கேட்ட யாரையும் பணமில்லை என்று திருப்பி அனுப்பவில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன்.

இதைவிடக் கடினமான பொறுப்பு ஒன்று உண்டு. ஆசிரியரிடம் 'இல்லை' என்று சொல்வது. சான் பிரான்சிஸ்கோ ஜென் சென்டரில் மடாதிபதி ரிச்சர்ட் பேக்கர் தன் உறவுகள் பற்றியும் செலவுகள் பற்றியும் எழுந்த புகார்களுக்குப் பின் 1983இல் விலகினார். பிறகு அங்கே மடாதிபதி பதவிக்குக் கால வரம்பு வைத்தார்கள். குருவைப் போர்டு வணங்க மட்டுமே செய்தால், பாதிக்கப்பட்டவர் எந்தக் கதவைத் தட்டுவார்? எங்கள் மையத்தில் நடத்தை நெறிப் புகார்கள் ஆசிரியர்களைத் தாண்டி, வெளியிலிருந்து ஒருவரும் உள்ள குழுவுக்கு நேராகப் போகும்படி எழுதி வைத்தோம். மூத்த ஆசிரியர் ஒருவருக்கு அது வருத்தம்தான். இருந்தாலும் கையெழுத்திட்டார். அவர் மீது எனக்கிருந்த மரியாதை அன்று கூடியது.

சரி, உங்களுக்கு. ஒப்புக்கொள்ளும் முன் கடைசி மூன்று வருட 990 படிவத்தை, அதாவது மையம் வரித்துறைக்குக் கொடுக்கும் ஆண்டுக் கணக்கை, வாங்கிப் படியுங்கள். அதைத் தாக்கல் செய்யும் வரிவிலக்கு அமைப்புகள் கேட்பவருக்கு அதைக் காட்டியாக வேண்டும், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆசிரியர் மீது புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், நீங்கள் சேர்ந்து முதலில் செய்ய வேண்டிய வேலை அது. பிறகு ஒரு முழு முகாமுக்குச் சாதாரண ஆளாகப் போய் இருங்கள். அங்கே எல்லோருக்கும் தினமும் ஒரு வேலை கொடுப்பார்கள். கிடைத்தால் பாத்திரம் கழுவும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீர் ஒழுங்காக வருகிறதா, சமையலறை ஆட்கள் களைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே நின்றால் தெரியும்.