முகாமிலிருந்து திரும்பியவர்களும் ஆளில்லாத தையல் இயந்திரங்களும்

கேள்வி: கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஆளணிப் பிரிவில் பணியாற்றுகிறேன். இளம்பிள்ளைகள் வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போய்விடுவதால் இயந்திரங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய பெண்கள் வேலை கேட்டு வருகிறார்கள். அகதிகளைச் சேர்த்தால் சட்டச் சிக்கல் வருமென நிருவாகம் தயங்குகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கள் நிருவாகத்தின் தயக்கம் பிழையான இடத்தில் நிற்கிறது. இந்தியாவில் அகதிகளாகப் பதியப்பட்டிருந்த அவர்களுள் பெரும்பாலோர் வம்சாவளியாலோ பதிவாலோ இலங்கைப் பிரசைகள். ஊர் திரும்பிய பின் அவர்களை வேலைக்கு அமர்த்த விசேட அனுமதி எதுவும் தேவையில்லை. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, பின்னர் இந்தியாவுக்குத் தப்பிச் சென்ற குடும்பங்களின் குடியுரிமைக்கு, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2009 இல் செய்யப்பட்ட திருத்தமும் வழிவகுத்துள்ளன.

உண்மையான முட்டுக்கட்டை கடதாசியில்தான் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிப் பதிவுக்கு அடையாள அட்டை இலக்கம் வேண்டும்; அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்; முகாமில் பிறந்த பிள்ளைக்கோ, தாய் அல்லது தந்தை வழியாக 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவின் கீழ் பதிவு முடிந்திருக்க வேண்டும். இதற்கு மேல் பெயர்ச் சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாக நிற்கும். இங்குள்ள ஆவணத்தில் அது முழுமையாக எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்துக்குச் செல்வதே வழமை. ஆளணிப் பிரிவில் ஒருவர் இந்த விண்ணப்பங்களைக் கூடவிருந்து நிரப்பிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். இந்த உதவிக்குச் செலவென்று பெரிதாக எதுவுமில்லை. அப்படியிருந்தும் இதைச் செய்யும் நிறுவனங்கள் குறைவு என்பதே என் எண்ணம்.

அவர்களின் கைத்திறனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முகாம்களில் ஆண்கள் பலர் கட்டடங்களுக்கு வர்ணம் பூசப் போனார்கள். பெண்களில் தையலும் ஆலைவேலையும் பழகியவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பாமல், ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து ஓவர்லொக் இயந்திரத்தில் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் நாட்டில் உண்டு. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களைக் கணக்கில் எடுக்காத பழக்கம் தங்கள் தொழிற்சாலையிலும் இருந்தால், ஆள் இல்லை என்ற குறையில் ஒரு பங்கு தாங்களே உண்டாக்கிக்கொண்டது. தொழிற்சாலைப் பேருந்து ஏ9 வீதியோடு நின்றுவிடாமல் மல்லாவி, துணுக்காய்ப் பக்கமும் போகிறதா என்பதையும் பாருங்கள்.

சம்பளத்தில் பாகுபாடு கூடாது. குறைந்தபட்ச வேதனமும், சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தும் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் எல்லோருக்கும் ஒன்றே. ‘முகாம் ஆட்கள்’ என்று சொல்லி, இவற்றைக் கொடுக்காமல் நாட்கூலிக்கு வைத்திருப்பது சட்டமீறல்.

கேள்வி: 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கரையை அடைந்த, மியன்மாரின் றோகிஞ்சா மக்களையும் இவ்வாறு வேலைக்கு எடுக்கலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தற்போதைய நிலையில் முடியாது. 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் இலங்கை ஒப்பமிடவில்லை; இங்கு தஞ்சம் கோருவோருக்குத் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. மூன்றாம் நாடொன்று ஏற்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். ஐரோப்பாவுக்கு அகதிகளாகப் போன நம்மவர்கள் அங்குள்ள தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் உழைத்து அனுப்பிய காசில் வன்னியில் எத்தனை வீடுகள் எழுந்தன என்பதை அறிந்த நமக்கு இது உறுத்தும். ஆயினும், இரக்கத்தால் ஒருவரை மறைவாக வேலைக்கு வைத்தால் பிடிபடுபவர் அந்த அகதியாகவே இருப்பார். சம்பளம் கொடுக்காமல் விட்டாலும், தொழில் திணைக்களத்துக்குப் போய் முறையிட அவர் துணியமாட்டார்.