உடல் எடை குறையும் வரை மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையைப் பிற்போடலாமா? மீளமைப்பும் சேர்த்துச் செய்யலாமா?

உங்கள் அக்காவுக்கு 46 வயது, எடை 102 கிலோ, இடது மார்பகம் முழுவதையும் அகற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எடையைக் குறைத்துவிட்டுச் செய்தால் மீளமைப்பையும், அதாவது அகற்றிய மார்பகத்தை மீண்டும் உருவமைப்பதையும், சேர்த்தே செய்துகொள்ளலாம், அதுவரை பொறுக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் அல்ல. மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் வசிக்கும் ஓர் ஆசிரியை. 6 வருடங்களுக்கு முன்பு 96 கிலோ எடையோடு இதே இடது பக்கத்தில் இதே சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

எடை குறைய வேண்டும் என்பதற்காகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையைப் பிற்போட வேண்டாம். வைத்தியர் முதலில் கீமோ தர விரும்பிப் பிற்போட்டால் அது வேறு விடயம். காத்திருக்கக்கூடியது மீளமைப்பு மட்டும்தான். அதை மாதங்கள் கழித்தும் செய்யலாம், வருடங்கள் கழித்தும் செய்யலாம். உங்கள் உறவினர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

ஆனால் அக்கா மீளமைப்பை விரும்புகிறாரா இல்லையா என்பது உங்கள் கேள்வியில் எங்கும் இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. அது இன்னும் ஆறாததால் கண்ணில் படுகிறது.

எனக்கு அப்போது 47 வயது. உயரம் 154 சென்ரிமீற்றர், பி.எம்.ஐ. எனப்படும் உடற்திணிவுச் சுட்டி 40ஐத் தாண்டியிருந்தது. நீரிழிவும் இருந்தது. மார்பகத்தில் இரண்டு கட்டிகள், ஒன்றுக்கொன்று தூரத்தில். வீட்டில் எல்லோரும் என் உயிருக்காகவே கவலைப்பட்டார்கள், அதில் எனக்குக் குறையில்லை. "இனி அதெல்லாம் என்னத்துக்கு மகள், உசிர் தப்பினாப் போதும்" என்று அம்மா சொன்னபோது அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனாலும் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட, உடல் பருத்த ஒரு பெண்ணுக்குத் தன் மார்பின் மீது ஆசை இருக்காது என்று எல்லோரும் தாமாகவே முடிவு செய்துவிட்டார்கள். சத்திரசிகிச்சை வைத்தியரும் அதைப் பற்றித் தானாகப் பேசவில்லை. இரண்டாவது சந்திப்பில், எழுந்து கதவடி வரை போய்த் திரும்பி வந்து நானே கேட்டேன். கேட்ட பிறகு அவர் அரை மணித்தியாலம் ஒதுக்கி, என் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவர் சொன்னது இதுதான். மார்பின் உள்ளே சிலிக்கோன் உறை (இம்பிளான்ட்) வைப்பதென்றால், உடல் பருமனும் நீரிழிவும் உள்ளவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாவதும் கிருமி தொற்றுவதும் மற்றவர்களைவிடக் கூடுதல். தொற்று அடங்காவிட்டால் உறையைக் கழற்றி எடுக்க வேண்டி வரும். எனக்குக் கமக்கட்டு நிணநீர்க் கணுக்களிலும் நோய் இருந்ததால் கதிர்வீச்சும் தேவைப்பட்டது. கதிர்வீச்சுப் பட்ட மார்பில் உறையைச் சுற்றித் தழும்பு இறுகி வலிக்கலாம். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பாக அமைக்கும் முறை அதைவிட நீடித்து நிற்கும். வயிற்றில் தேவையான அளவு இருக்கிறதே என்று நான் நம்பிக்கையோடு கேட்டேன். கொழுப்பு தடிப்பாக இருக்கும்போது மெல்லிய இரத்தக் குழாய்கள் அதன் விளிம்பு வரை இரத்தம் கொண்டுபோகச் சிரமப்படும், அதனால் ஒரு பகுதி இறந்துபோகலாம், வயிற்றுக் காயம் பிரியலாம், பிற்காலத்தில் குடலிறக்கம் வரலாம், பல மணி நேரம் மயக்கத்தில் கிடப்பதால் காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும் என்றார். முடியாது என்று அவர் சொல்லவில்லை. இப்போது புற்றுநோயை எடுப்போம், கதிர்வீச்சு முடியட்டும், சீனி கட்டுப்படட்டும், அப்போதும் விருப்பமிருந்தால் வாருங்கள் என்றார். நான் சம்மதித்தேன். கேட்காமலே விட்டிருந்தால் இந்தச் சம்மதம் எனக்குச் சொந்தமாகியிருக்காது.

அக்காவின் கட்டி ஒன்றுதான், மார்பகத்தின் அளவோடு பார்க்கையில் அது சிறியது என்றால், முழுவதையும் எடுக்கத்தான் வேண்டுமா என்று இன்னொரு தடவை கேளுங்கள். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சும் பெற்ற பெண்கள், முழு மார்பகத்தையும் அகற்றிக்கொண்டவர்கள் அளவுக்கே உயிர் வாழ்ந்தார்கள் என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த இரு பெரிய ஆய்வுகளின் 20 வருட முடிவுகள் 2002இல் காட்டின. மார்பகம் பெரிதாக உள்ளவர்களுக்குக் கட்டியை எடுக்கும்போதே மார்பகத்தைச் சிறிதாக்கி உருவமைத்து, மற்றப் பக்கத்தையும் அதே அளவுக்குக் குறைக்கும் முறையும் உண்டு. கட்டிகள் இரண்டாகவும் தூரமாகவும் இருந்ததால் எனக்கு அது பொருந்தவில்லை.

சத்திரசிகிச்சைக்கு முன்பு ஒரு வாரம் வீணாகப் போனது. பரிசோதனைக்கு அனுப்பிய இடத்தில் என் இரத்த அழுத்தம் 170க்கு மேல் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மயக்க மருந்து வைத்தியர் என் மேற்கையைப் பார்த்ததுமே, அழுத்தம் அளக்கக் கையில் சுற்றும் பட்டியில் பெரியது ஒன்றைத் தேடி எடுத்துவரச் செய்தார். அதில் 138தான் காட்டியது. பருத்த கையில் சிறிய பட்டியைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். இது தெரிந்த ஒருவரும் முதல் நாள் அங்கு இல்லாமல் போனது எனக்கு இன்றும் கோபமாக இருக்கிறது. 45 வயதில், பெண்களின் மார்பகத்தையும் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச் சொல்லி மருத்துவமாது இரண்டு தடவை வீடு தேடி வந்தும் நான் போகாததற்கும், அதற்கு முன்பு வேறோர் இடத்தில் என் எடையை வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி உரத்து வாசித்ததுதான் காரணம். போகாதது என் பிழை, மறைக்கவில்லை.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் காயத்தில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. வடிகுழாயை மூன்று வாரம் வைத்திருந்தார்கள், எடுத்த பிறகும் இரண்டு தடவை ஊசியால் நீரை இழுத்தார்கள். எங்கள் பக்க வழக்கப்படி வீடு எனக்குச் சீதனமாக வந்தது, அடுத்த வளவில் தங்கச்சி இருக்கிறாள்; அதனால் குழாயோடு வீடு வந்தபோதும் கழுவித் துடைக்க ஆளிருந்தது.

நான் எதிர்பார்க்காதது கமக்கட்டின் கீழே எஞ்சிய தோலும் கொழுப்புமான மடிப்பு. மெலிந்தவர்களுக்குத் தையல் தட்டையாக முடிந்துவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு அதன் வெளி நுனியில், முதுகுப் பக்கக் கொழுப்பு ஒரு மடிப்பாகத் துருத்தி நிற்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், கையை அசைக்கும்போதெல்லாம் அது உரசி, வியர்த்து, தோல் சிவந்து புண்ணாகியது. கரும்பலகையில் எழுதக் கை உயர்த்தினால் எரியும். ஒன்றரை வருடம் கழித்து, இடத்தை மட்டும் விறைக்கவைத்து அந்த மடிப்பை அகற்றினார்கள். முதல் சத்திரசிகிச்சையின்போதே மடிப்பு விழாமல் தைக்கும் முறைகள் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அக்காவை நிற்கவைத்தோ உட்காரவைத்தோ மடிப்பு எங்கே விழுகிறது என்று முன்கூட்டியே அடையாளமிடச் சொல்லிக் கேளுங்கள். படுத்தவுடன் அது இடம் மாறிவிடும்.

அடுத்தது பாரம். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் கழுத்தும் தோளும் இழுபடும். காயம் நன்றாக ஆறிய பிறகு, தையல் தெரிந்த என் மச்சாள் பருத்தித் துணியில் பை தைத்து, கடைத் தராசில் பாசிப்பயறு நிறுத்து நிரப்பினாள். 500 கிராமில் தொடங்கி, கண்ணாடி முன் என் தோள்கள் நேராகும் வரை கையளவு கையளவாகக் கூட்டிக்கொண்டே போனாள். 850 கிராமில் நின்றது. உள்ளாடையின் உட்புறம் அதற்கொரு பையும் தோளில் அகலப் பட்டியும் வைத்துத் தந்தாள். வியர்வையில் பயறு ஈரமாகி மணக்கும் என்பதால் கிழமைக்கொரு தடவை மாற்றினேன். சிலிக்கோனில் செய்த செயற்கை மார்பகம் வாங்கியது பிறகுதான். முந்தானை விழுவதும் இடது தோளில் என்பதால், சேலை உடுத்துப் பாடசாலைக்குப் போகும் எனக்கு இது சிறிய விடயமாக இருக்கவில்லை.

எடையை நியாயப்படுத்துகிறேன் என்று சிலர் எழுதக்கூடும். மாதவிடாய் நின்ற பிறகு உடலின் கொழுப்புத்தான் ஈஸ்ட்ரஜன் சுரக்கும் முக்கிய இடம் என்பதும், அது சிலவகை மார்பகப் புற்றுநோயை வளர்க்கும் என்பதும், பருமனால் கை வீங்கும் ஆபத்துக் கூடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் 14 கிலோ குறைத்தேன். கைப் பயிற்சியை ஒரு நாளும் விட்டதில்லை. மூன்றாம் வருடம் என் கணவர் "உனக்கு விருப்பமென்றால் போவோம்" என்று சொல்லிக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். மீளமைப்பு வைத்தியர் இப்போது செய்யலாம் என்றார். வயிற்றில் இன்னொரு நீளக் காயத்தையும், பல வாரங்கள் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்காமல் இருப்பதையும் யோசித்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரவு ரயிலில் திரும்பினேன். அக்கா வேறு விதமாக முடிவெடுத்தால் அதுவும் சரிதான்.

எனக்குக் காட்டிய படங்களில் எல்லாம் மெலிந்த பெண்களே இருந்தார்கள். என்னைப் போன்ற உடம்பில் தழும்பு எப்படி இருக்கும் என்று ஒரு படம்கூட நான் பார்த்ததில்லை. அக்கா இந்தப் பக்கம் வரக்கூடியவர் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை பகலில் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். தழும்பையும், மடிப்பு இருந்த இடத்தையும் அவருக்குக் காட்டுகிறேன்.