தொப்பூர் லாரி வீடியோ: ட்ராக்கர விடுங்க, கேமரா செட்டிங்க பாருங்க

ப்ரோ, தொப்பூர் கணவாய்ல லாரி எண்ணுற வீடியோல ராத்திரியானா ட்ராக்கர் (ஒவ்வொரு லாரியையும் ஃப்ரேம் ஃப்ரேமா பின்தொடர்ற சாஃப்ட்வேர்) ஒரே லாரிக்கு குடுக்குற ஐடி நம்பர் மாறிக்கிட்டே இருக்கு, த்ரெஷோல்ட (எவ்வளவு உறுதியிருந்தா ஏத்துக்கணும்ங்கிற அளவு) குறைச்சும் சரியாகலன்னு கேட்டிருந்தீங்க. த்ரெஷோல்டுல கை வைக்காதீங்க. இருட்டுல சென்சார் போடுற புள்ளிப் புள்ளி நாய்ஸுக்கே பிட்ரேட்ல (ஒரு செகண்ட் வீடியோவுக்கு ஒதுக்குற டேட்டா அளவு) நெறைய போயிடும், தூரத்துல வர்ற லாரிக்கு மிச்சம் இருக்காது, கட்டம் கட்டமா கொழகொழன்னு ஆயிடும். எஃப்எஃப்ப்ரோப்ல (வீடியோ ஃபைலோட விவரம் காட்டுற டூல்) ஃப்ரேம் டைப் எடுத்து ஐடி மாறுற ஃப்ரேமோட ஒட்டிப் பாருங்க, ஐ-ஃப்ரேம் (மத்த ஃப்ரேம நம்பாம முழுப் படமா சேமிக்கிற ஃப்ரேம்) வர்ற எடத்துலயே மாறுதுன்னா அதான் காரணம், அங்க படம் திடீர்னு தெளிவாகி லாரிய சுத்தி போடுற பாக்ஸ் குதிக்கும். பிட்ரேட்ட ரெட்டிப்பாக்குங்க, ஐ-ஃப்ரேம் இடைவெளிய 1 செகண்டுக்கு கொண்டாங்க, 25 எஃப்பிஎஸ்னா (செகண்டுக்கு 25 ஃப்ரேம்) 25 ஃப்ரேமுக்கு ஒண்ணு. கேமராவுல ஸ்மார்ட் கோடெக்ங்கிற டேட்டா குறைக்கிற வசதி ஆன்ல இருந்தா மொதல்ல ஆஃப் பண்ணுங்க (டிஸ்க் மிச்சம் பண்ண வந்தது, ட்ராக்கிங்குக்கு எமன்). அப்புறம் வாட்ஸ்அப்ல வந்த கிளிப்ப வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, அது ரெண்டாவது தடவ நசுங்கினது.